செக்: ஒரு சொல், பல கணக்கு



சென்ற மாத ஞாயிறு ஒலிபரப்பில் 'செக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மிச்சத்தையும் எழுதித் தாருங்கள் என்று சிலர் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். அதனால் அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லை நான் தேடிப் போகக் காரணமே ஒரு பிழைதான். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் நிகழ்ச்சியை நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஓர் அம்மா, எழுபது வயதைக் கடந்தவர், தனியாக ஒரு சிறிய வீட்டில் இருப்பவர், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கந்தோரிலையிருந்து எடுத்தவை. என்ரை பேரிலை செக் ஒண்டு இருக்காம். கடிதம் வருமாம்."

நான் ஒரு கணக்காளன். செக் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது காசோலைதான். "அப்ப நல்லது அம்மா. வந்தவுடனை பாங்கிலை போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கடிதம் வந்தது. அம்மா உறையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே காசோலை இல்லை, இரண்டு தாள் ஆங்கிலம் மட்டும். சரி, காசோலை பின்னால் வரும் என்று நினைத்து அந்தத் தாள்களைப் பத்திரமாகச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். உண்மையில் அந்தக் கடிதம் கேட்டது வேறு. அவருடைய கோப்பு சரிபார்ப்புக்கு எடுக்கப்பட்டிருக்கிறது, இன்ன இன்ன பத்திரங்களை 28 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கொடுப்பனவு நிறுத்தப்படும் என்பதுதான் அதிலிருந்த செய்தி. நாள் கடந்தது. பணமும் நின்றது. யாருக்கும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு கிழமை கோயில் அன்னதானத்திலும் இருந்த அரிசியிலும் காலத்தைக் கழித்திருக்கிறார். பிறகு விஷயம் வெளிவந்து, பத்திரங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்து, நிலுவையோடு பணம் கிடைத்தது. அது நேரடியாக வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. கடைசிவரை காசோலை ஒன்றும் வரவில்லை.

எழுத்தில் பார்த்தால் காசோலைக்கு ஓர் எழுத்துக்கூட்டல், சரிபார்ப்புக்கு வேறோர் எழுத்துக்கூட்டல். ஆனால் தொலைபேசியில் காதுக்கு இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் எழுத்திலும் ஒன்றே. இப்படி ஒரே ஓசைக்குள் காசும், சோதனையும், தடுப்பும், சாரத்துக் கட்டமும் எப்படி வந்து புகுந்தன என்று அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன். தற்செயலாக ஒரே ஓசை பெற்ற வெவ்வேறு சொற்களாயிருக்கும் என்றுதான் எண்ணினேன். அப்படியல்ல. ஏறக்குறைய எல்லாமே ஒரே தாயின் பிள்ளைகள். அந்தத் தாய் ஆங்கிலமும் அல்ல, பாரசீகம்.

பாரசீக மொழியில் 'ஷா' என்றால் அரசன். ஷாஜகானில் இருக்கும் ஷாவும், 1979-ல் ஈரானை விட்டு வெளியேறிய ஷாவும் இந்தச் சொல்தான். முகலாய மன்னர்களின் 'பாதுஷா' பட்டத்திலும் இதுவே இருக்கிறது. (பலகாரத் தட்டில் இருக்கும் பாதுஷாவைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.) பழம்பாரசீகத்தில் இதன் வடிவம் நீண்டது. ஆளுதல் என்ற பொருளுள்ள அதன் வேர், வடமொழியில் 'சத்திரியர்' என்ற சொல்லின் வேரோடு உறவுடையது. ஆகவே நாம் நாள்தோறும் சொல்லும் 'செக்' தூரத்து உறவில் சத்திரியருக்கு மச்சான் முறை.

அரசன் எப்படிச் செக் ஆனான்? சதுரங்கப் பலகை வழியாக. சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு. யானை, தேர், குதிரை, காலாள் என்று நாம் சொல்லும் நாற்படை. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவிலிருந்து இந்த விளையாட்டு பாரசீகத்துக்குப் போனது. அங்கே 'சத்ரங்' என்று பெயர் பெற்றது. பாரசீகத்தை அராபியர் வென்ற பின்னர் அவர்கள் நாவில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அராபியரிடமிருந்து விளையாட்டின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேய மொழியில் 'ஷத்ரேஸ்' என்பது நமது சதுரங்கமே. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளோ விளையாட்டின் பெயரை விட்டுவிட்டு ஆட்டத்தில் கூவும் சொல்லை எடுத்துக்கொண்டன.

எதிராளியின் அரசனைத் தாக்கும் நிலைக்கு வந்தால் "ஷா!" என்று சொல்லி எச்சரிப்பது பாரசீகர் வழக்கம். உன் அரசனைப் பார் என்பது அதன் கருத்து. அந்தக் கூவல் இலத்தீனில் ஸ்காக்குஸ் என்றும், பழைய பிரெஞ்சில் எஸ்செக் என்றும் திரிந்து ஆங்கிலத்தில் செக் ஆனது. பிரெஞ்சின் பன்மை வடிவமே ஆங்கிலத்தில் 'செஸ்' ஆயிற்று. அப்படிப் பார்த்தால் செஸ் என்பதற்கு 'அரசர்கள்' என்று பொருள். ஜெர்மனியிலும் சுவிஸிலும் உள்ள எம்மவர் சதுரங்கத்தை 'ஷாக்' என்றும், நோர்வேயில் உள்ளவர்கள் 'ஷக்' என்றும் கேட்டிருப்பார்கள். இரண்டும் அந்த ஷாவே. பிரான்சில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு 'எஷெக்' என்ற சொல் வேறுவிதமாகத் தெரியும். அங்கே அதற்குத் தோல்வி என்றும் பொருள். பள்ளிக்கூடக் கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் பெற்றோருக்கு நெஞ்சு பதறும். முடக்கப்பட்ட அரசன் தோற்ற அரசன் என்ற வழியில் வந்த பொருள் அது.

செக்மேற் என்பதிலுள்ள 'மேற்' பற்றி ஒரு நேயர் கேட்டிருந்தார். நம் தமிழ் 'மாட்டு', அதாவது மாட்டிக்கொண்டான் என்பதிலிருந்து வந்திருக்கலாமே என்பது அவர் கருத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. 'ஷா மாத்' என்பது பாரசீகத் தொடர். அரசன் செய்வதறியாது நிற்கிறான் என்று சிலரும், அரபு வழியாக அரசன் இறந்தான் என்று சிலரும் பொருள் சொல்வர். சதுரங்கத்தில் அரசனை வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிகிறது. அதனால் முதற் பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இந்த நாட்டில் கடைக்காரரும் பஸ் சாரதியும் நம்மைக் கூப்பிடும் 'மேற்' முற்றிலும் வேறு சொல். அது உணவைப் பகிர்ந்துண்பவன் என்ற பொருளில் ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது.

இனிப் பொருள்கள் எப்படிக் கிளைத்தன என்று பார்ப்போம். அரசனுக்கு "செக்" சொன்னால் எதிராளி தான் நினைத்திருந்த நகர்வைச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரசனைக் காக்க வேண்டும். ஆகவே செக் என்றால் தடை. தடையிலிருந்து கட்டுப்பாடு. ஓர் அதிகாரத்தை இன்னோர் அதிகாரம் கட்டுக்குள் வைத்திருப்பதைப் பற்றி அரசியல் பேசுவோர் சொல்லும் செக் இது. ஐஸ் ஹொக்கியில் ஒருவரை ஒருவர் உடம்பால் இடித்து மறிப்பதும் இதுவே. கனடாவில் பிள்ளைகளை விளையாட அனுப்புபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கட்டுப்பாட்டிலிருந்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பிழை நுழையாமல் தடுப்பது என்ற பொருள் 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. இன்று நாம் "ஒருக்கால் செக் பண்ணுங்கோ" என்று சொல்லும் சரிபார்த்தல் அப்படிப் பிறந்ததுதான். சரிபார்த்ததற்கு இடும் அடையாளமும் அமெரிக்காவில் செக் ஆயிற்று. இங்கே அதை 'ரிக்' என்கிறோம். அமெரிக்கப் படிவத்தில் பெட்டிகளின் மேல் செக் என்று இருந்தால், படித்துப் பார்த்தால் மட்டும் போதாது, அடையாளம் இட வேண்டும்.

காசோலைக்கு வருமுன் ஒரு மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். வர்த்தகம் படித்த எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

பிரித்தானிய நிதியமைச்சரை 'எக்ஸ்செக்கர்' சான்சலர் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். எக்ஸ்செக்கர் என்றால் கருவூலம் என்று படித்திருக்கிறோம். சொல்லின் நேர்ப்பொருள் சதுரங்கப் பலகை. 12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மாவட்ட அதிகாரிகளான ஷெரீப்கள், தாங்கள் அரசனுக்காக அறவிட்ட பணத்துக்குக் கணக்குக் காட்ட ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்ரர் காலத்திலும் செப்டெம்பர் கடைசியில் வரும் மைக்கல்மஸ் பண்டிகைக் காலத்திலும், ஒரு மேசையின் முன் வந்து நிற்க வேண்டும். இரண்டாம் ஹென்றி மன்னனின் திறைசேரி அதிகாரியாயிருந்த ரிச்சர்ட் பிட்ஸ்நீல் என்பவர் 1170-களின் இறுதியில் இதைப்பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் கேள்வி பதிலாகப் பேசும் நூல். அதில் மேசையின் அளவே இருக்கிறது. நீளம் பத்து அடி, அகலம் ஐந்து அடி. சுற்றிவர நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி.

ஏன் துணியும் கட்டமும்? அக்காலத்தில் அங்கே எழுத்தில் இருந்தவை ரோம இலக்கங்கள். பூச்சியம் இல்லை, இடமதிப்பு இல்லை. ரோம இலக்கத்தில் ஒரு கூட்டல் கணக்கைச் செய்து பாருங்கள், தலை சுற்றும். இந்தியாவில் பிறந்து அராபியர் கொண்டுபோன இலக்கங்கள் அந்தக் கந்தோருக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகையால் துணியில் நிரல்கள். ஒன்று பென்சுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுணுக்கு, பிறகு இருபது பவுண், நூறு, ஆயிரம் என்று போகும். ஷெரீப் கட்டவேண்டிய தொகையை ஒரு வரிசையில் வட்டுகளால் அடுக்குவார்கள். கட்டிய தொகையை அதற்குக் கீழே அடுக்குவார்கள். மேலிருந்து கீழுள்ளதைக் கழித்தால் மிச்சம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எழுத வாசிக்கத் தெரியாத ஷெரீப்பும் தன் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். பற்றும் வரவும் இப்படி மேசையில் கிடந்திருக்கின்றன.

சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் பொருதுவதுபோல இந்த மேசையில் திறைசேரி அதிகாரியும் ஷெரீப்பும் பொருதுகிறார்கள் என்று பிட்ஸ்நீல் ஒப்பிடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்டக் கணக்காய்வில் இருக்கிறேன். இதைவிடச் சரியான உவமை நான் கேட்டதில்லை. மேசையின் பெயர் அந்தக் கந்தோரின் பெயராகி, கந்தோரின் பெயர் நாட்டின் நிதிக்கே பெயராகிவிட்டது. கட்டம் போட்ட துணியைச் 'செக்' என்று நாம் சொல்வதும் இந்தச் சதுரங்கப் பலகையிலிருந்து வந்ததுதான். மெட்ராஸ் செக் என்று உலகம் அறிந்த துணியிலும், நம் அப்பாமாரின் கட்டம்போட்ட சாரத்திலும் அந்தப் பலகையைக் காணலாம். கார்ப் பந்தயம் முடியும்போது ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கொடியும் அப்படியே. இங்கே பொலிஸாரின் தொப்பியைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் ஓடுகிறதல்லவா? ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரப் பொலிஸ் தலைவராயிருந்த பேர்சி சில்லிற்றோ 1930-களில் கொண்டுவந்த அடையாளம் அது. அவுஸ்திரேலியாவில் முதலில் 1961-ல் தென் அவுஸ்திரேலியப் பொலிஸார் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தைக் கண்டால் தாமாகவே பொக்கெற்றில் அடையாள அட்டையைத் தடவுகிறவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

எக்ஸ்செக்கர் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. வெட்டுக் குறியிட்ட தடி. பணம் கட்டியதற்குப் பற்றுச்சீட்டு அது. ஆயிரம் பவுணுக்கு ஒரு உள்ளங்கை அகலத்தில் வெட்டு, நூறு பவுணுக்குப் பெருவிரல் அகலம், இருபதுக்குச் சின்னி விரல், ஒரு பவுணுக்கு ஒரு பார்லி மணி அகலம். வெட்டிய பிறகு தடியை நெடுக்காகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கட்டியவரிடம், மறுபாதி கந்தோரில். பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவர் தன் பாதியில் கள்ளமாக ஒரு வெட்டுக் கூட்டினால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நடவடிக்கைக்கு இரண்டு பதிவு, இரண்டு பேர் கையில். இன்று வங்கிக் கூற்றையும் காசேட்டையும் பக்கத்தில் வைத்து நாங்கள் தயாரிக்கும் வங்கி இணக்கக் கூற்றும் அதே வேலைதான்.

இந்தத் தடிகளின் முடிவும் சொல்லத்தக்கது. வழக்கொழிந்து பயனற்றுக் கிடந்த தடிகளை 1834 ஒக்டோபர் 16-ம் திகதி பிரபுக்கள் சபையின் கீழுள்ள அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். எரித்தவர்கள் அளவு பார்க்கவில்லை. தீ பரவி இங்கிலாந்தின் பழைய பாராளுமன்றமே எரிந்துபோனது. பழைய கணக்குகளை எப்படி அழிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

இப்போது காசோலை. தன் பணத்தை வைத்திருப்பவருக்கு ஒருவர் "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று எழுதும் கடிதம் இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1659 பெப்ரவரி 16-ம் திகதியிட்டு 400 பவுணுக்கு எழுதப்பட்ட ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கு அப்போது செக் என்று பெயரில்லை. 1700-களின் தொடக்கத்தில் செக் என்ற பெயர் வந்தபோது அது முதலில் குறித்தது கிழித்துக் கொடுக்கும் தாளை அல்ல, கையில் மிஞ்சும் அடிக்கட்டையை. மோசடியைத் தடுக்கும் துண்டு என்பதால் செக், அதாவது தடுப்பு. தடியின் மறுபாதி செய்த அதே வேலை. காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் மேலே இருந்த தாளுக்குத் தாவிவிட்டது. இங்கிலாந்து வங்கி 1717-ல் அச்சடித்த படிவங்களைப் பாவிக்கத் தொடங்கியது.

எழுத்துக்கூட்டல் பிறகுதான் பிரிந்தது. எக்ஸ்செக்கரின் சாயலில் ஆங்கிலேயர் காசோலைக்கு வேறு எழுத்துக்கூட்டலைக் கைக்கொண்டார்கள். லண்டன் வங்கியாளர் கில்பாட் 1828-ல் எழுதிய வங்கியியல் நூலில், குழப்பம் வராமல் இருக்க இந்த வடிவமே நல்லது என்று அதை ஆதரித்தார். அமெரிக்கர் பழையதையே வைத்துக்கொண்டார்கள். அரபு மொழியில் 'ஸக்' என்றால் எழுதிய பத்திரம், அதிலிருந்தே செக் வந்தது என்று சில புத்தகங்களில் காண்கிறோம். ஓசை ஒத்துப்போகிறது, ஆனால் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் அதை ஏற்பதில்லை.

அடிக்கட்டைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கவுண்டர்போயில்' என்பதிலுள்ள போயிலுக்கு இலை என்று பொருள், இலத்தீன் வழி வந்தது. நம் சொல்லைப் பாருங்கள்: காசு, ஓலை, காசோலை. எங்கோ இருந்த இருவர், ஒருவரையொருவர் கேட்காமல், பணப்பத்திரத்துக்கு இலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். காசுக்கும் ஒரு கதை உண்டு. நாம் கைக்காசு என்ற பொருளில் சொல்லும் ஆங்கிலக் 'காஷ்' பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கீழைநாட்டுச் சிறு நாணயங்களை ஆங்கிலேயர் 'காஷ்' என்று எழுதினார்களே, அது போர்த்துக்கேயர் வாய்வழி போன நம் காசு. இரண்டும் வேறு சொற்கள், ஆங்கிலத்தில் ஒரே உருவம் பெற்றவை. செக்கின் கதைக்கு நேரெதிர்.

வங்கியாளர் மீது வரையப்பட்டு, கேட்டவுடன் செலுத்தவேண்டிய மாற்றுண்டியலே காசோலை என்று வர்த்தக வகுப்பில் பாடமாக்கியது உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். 1882-ம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து இலங்கையின் 1927-ம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு வந்த வரைவிலக்கணம் அது. இங்கே நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காசோலை காசு அல்ல, காசு கொடுக்கும்படி எழுதிய ஓலை மட்டுமே. வங்கியில் போட்ட மறுநாள் உங்கள் கணக்கில் தொகை தெரியலாம். அதனால் அது தேறிவிட்டது என்று அர்த்தமல்ல. முன்பின் தெரியாதவர் கூடுதல் தொகைக்குக் காசோலை தந்து, மிச்சத்தை உடனே அனுப்புங்கள் என்று கேட்டால் அது மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். காசோலை சில நாட்களில் திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய மிச்சம் திரும்பாது. கார் விற்கப் போன ஒரு இளைஞரின் 1,800 டொலர் இப்படிப் போனதை நான் அருகிருந்து பார்த்தேன்.

காசோலையின் காலமும் முடிந்துகொண்டு வருகிறது. நியூசிலாந்தில் 2021-க்குள் பெரிய வங்கிகள் அதைக் கைவிட்டுவிட்டன. அவுஸ்திரேலிய அரசின் திட்டப்படி 2028 யூன் 30-க்குப் பின் புதிய காசோலைகள் வழங்கப்படமாட்டா, 2029 செப்டெம்பர் 30-க்குப் பின் ஏற்கப்படவும் மாட்டா. கோயில் நன்கொடைக்கும், ஊர்ச் சங்கத்துக்கும், கலியாண அன்பளிப்புக்கும் காசோலை எழுதிப் பழகியவர்கள் இப்போதே வேறு வழிக்கு மாறிக்கொள்வது நல்லது. சங்கப் பொருளாளர்மார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கையொப்பமிடும் காசோலைதான் பல சங்கங்களில் இருக்கும் ஒரே உள்ளகத் தடுப்பு. அது போனால் இணைய வங்கியிலும் இரண்டு பேர் அங்கீகாரம் தேவை என்று வங்கியிடம் கேட்டு ஒழுங்கு செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் கைத்தொலைபேசியில் சங்கத்தின் முழுப்பணமும் இருக்கும்.

கடைசியாக, எங்கள் சனத்துக்கு மிக நெருக்கமான செக். நாட்டில் இருந்தபோது நாம் இந்தச் சொல்லைப் படித்தது பள்ளிக்கூடத்திலும் அல்ல, வங்கியிலும் அல்ல. 'செக்கிங்', 'செக் பொயின்ற்' என்று வீதியில்தான் படித்தோம். "செக்கிங்கிலை இறக்கிப்போட்டாங்கள்" என்று ஒருவர் சொன்னால், யார் எங்கே எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. 2002-ல் ஏ-9 வீதி திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை இறக்கி ஏற்றி, வரிசையில் நின்று, மறுபடி இறக்கி ஏற்றிய அனுபவம் இதை வாசிக்கும் பலருக்கு இருக்கும். 2006 ஓகஸ்டில் அந்தப் பாதையும் மூடிக்கொண்டது. தமிழில் அதைச் சோதனைச் சாவடி என்றோம். சோதனை என்றால் பரிசோதிப்பதும் சோதனை, கடவுள் தரும் துன்பமும் சோதனை. ஆங்கிலச் சொல்லில் இல்லாத கனம் நம் சொல்லில் இருக்கிறது.

அதனால்தான் இங்கே தமிழ்ப் பள்ளியில் உதவ வரும் ஒரு தகப்பனிடம் "உங்களுக்குப் பொலிஸ் செக் எடுக்கவேணும், பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான செக்கும் எடுக்கவேணும்" என்றால் அவர் முகம் மாறுகிறது. நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்கிறார். அடுத்த கிழமை வரமாட்டார். பிழை ஒன்றும் செய்யாதவர்களுக்கும், பிள்ளைகளோடு பழகும் எல்லோருக்கும் உள்ள ஒழுங்கு அது. நான் வானொலி நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கும் எடுத்தார்கள். இதைச் சொல்லும் பொறுப்பிலுள்ளவர்கள் 'செக்' என்று மட்டும் சொல்லிவிடாமல், 'நற்சான்று பார்ப்பது, எல்லோருக்கும் உள்ளது' என்று தமிழில் ஒரு வசனம் கூடச் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தொலைபேசியில் ஆங்கிலத்தில் யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால், எந்தச் செக் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். பணம் அனுப்புகிறீர்களா, அல்லது என்னிடம் பத்திரம் கேட்கிறீர்களா? எத்தனையாம் திகதிக்குள்? இந்த இரண்டு கேள்வி போதும். ஆங்கிலம் கஷ்டமென்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவைக்கு எடுத்துத் 'தமிழ்' என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இணைத்து அரசாங்கக் கந்தோர்களோடு பேச உதவுவார்கள்.

அந்த அம்மா இப்போதும் என்னை அழைப்பதுண்டு. கடிதம் வந்தால் முதலில் தொலைபேசியில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார், பிறகுதான் பொருள் கேட்கிறார். நானும் இப்போது உடனே பதில் சொல்வதில்லை. முழுக்கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே சொல்கிறேன்.

அடுத்த மாதம் 'கிரெடிற்' என்ற சொல்லைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். வங்கிக் கூற்றில் நல்லதாயும், கடன் அட்டையில் கெட்டதாயும், கணக்குப் பேரேட்டில் வலது பக்கமாயும் இருக்கும் சொல் அது. இதைப்பற்றி உங்களுக்கு ஏற்பட்ட குழப்பங்கள் இருந்தால், பெயர் போடாமலே நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள்.